பத்துமலை கூறும் உலக வரலாறு

இவ்வுலகம் எப்பொழுது உண்டாயிற்று? எவ்வாறு உண்டாயிற்று? புல் முதல் மனிதன் ஈறாகவுள்ள உயிர்கள் எங்கிருந்து வந்தன? இக்கேள்விகளைக் கேளாத மக்கட் கூட்டம் உலகில் எங்குமில்லை. கேள்வி எல்லோருக்கும் பொது. விடைதான் நாட்டுக்கு நாடு, மதத்துக்கு மதம் வேறுபடுகிறது. வேறுபடும் விடைகளுள் எது உண்மை என்று தீர்ப்பது எப்படி? சொன்னவர் பெரியவர் என்பதாலா? சொல்லிய நூல் பழையது என்பதாலா? பலர் நம்புகின்றனர் என்பதாலா? இம்மூன்றும் சாட்சியாகா. நிகழ்ச்சி நடந்த இடத்தில் எஞ்சி நிற்கும் தடயமே சாட்சி. வரப்புத் தகராறு ஒன்று மன்றத்துக்கு வந்தால்கூட நாம் தடயம் கேட்கிறோம். உலகத்தின் பிறப்பைப் பற்றிய வழக்கில் மட்டும் தடயம் வேண்டாவென்று விட்டுவிடுதல் அறிவுடைமையாகுமா?

இத்தடயங்களைத் தேடிக் கடல் கடந்து போக வேண்டுவதில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் தமிழர் நாள்தோறும் மிதிக்கும் மண்ணிலும், தைப்பூசத்தன்று இலட்சக்கணக்கானோர் ஏறும் மலையிலுமே அவை கிடக்கின்றன. கிள்ளான் கரைச் சேறு, பிரிக்பீல்ட்ஸ் களிமண், சுங்கை பீசி ஈயக்குட்டை, பத்துமலைச் சுண்ணாம்புப் பாறை ஆகிய இந்நான்கும் உலக வரலாற்றின் நான்கு ஏடுகள். இவற்றைத் தோண்டியும் அலசியும் சுட்டும் உடைத்தும் வயிறு வளர்த்தவர்கள் தமிழரும் சீனரும் மலாய்க்காரருமாகிய உழைப்பாளிகளே. ஆயினும் தாங்கள் தொட்ட ஏட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. அதனைக் கூடுமானவரை விளங்கச் சொல்லுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூல்கள் சொன்ன கணக்கு

1650ஆம் ஆண்டில் அயர்லாந்து நாட்டுப் பேராயர் ஜேம்ஸ் அஷ்ஷர் என்பவர், விவிலியத்தில் வரும் தலைமுறைகளைக் கூட்டிக் கணக்கிட்டு, உலகம் கி.மு. 4004ஆம் ஆண்டில் படைக்கப்பட்டது என்று எழுதினார். ஐரோப்பாவில் அக்கணக்கு நெடுங்காலம் வேதவாக்காக இருந்தது.

நம்மவர் கணக்கோ மிகப் பெரிது. கலியுகம் 4,32,000 ஆண்டுகள். நான்கு யுகங்களும் சேர்ந்து 43,20,000 ஆண்டுகள். அவ்வாறு ஆயிரம் முறை சுழன்றால் 432 கோடி ஆண்டுகள். அது பிரமனுக்கு ஒரு பகல். இன்றைய விஞ்ஞானம் உலகின் வயதை ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள் என்று கூறுவதால், "பார்த்தீர்களா! எங்கள் முன்னோர் முன்பே சொல்லிவிட்டனர்" என்று மார்தட்டுவோர் உளர். அன்னவர் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். 432 கோடி என்பது பிரமனின் ஒரு பகலின் முழு நீளம்; உலகம் இதுவரை வாழ்ந்த வயது அன்று. அதே நூற்கணக்கின்படி இப்பகலில் இதுவரை கழிந்தது சுமார் 197 கோடி ஆண்டுகளே. அதனை 454 கோடியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் பெருமை எங்கே போயிற்று?

எண் பொருந்தியிருந்தாலும் நாம் அதனை அறிவு என்று ஏற்பதற்கில்லை. எந்தக் கல்லையும் அளந்து அக்கணக்கு பிறக்கவில்லை. ஓர் எண்ணை மற்றோர் எண்ணால் பெருக்கியதால் பிறந்தது. கண்ணை மூடி எறிந்த கல் மாங்காயில் பட்டால் எறிந்தவனுக்குக் குறி தெரியும் என்று யாரும் சொல்லார். காலத்தைப் பெரிதாக நினைத்துப் பார்த்த துணிவுக்காக நம் முன்னோரைப் பாராட்டலாம். அளந்து கண்டதாக அவர்கள் மேல் பொய் ஏற்றுவது அவர்களுக்கும் பெருமையன்று.

கல்லுக்குள் ஒரு கடிகாரம்

அளப்பது எப்படி என்று விஞ்ஞானிகளுக்கும் எடுத்த எடுப்பிலேயே தெரிந்துவிடவில்லை. 1862இல் கெல்வின் பிரபு என்று பின்னர்ப் புகழ்பெற்ற வில்லியம் தாம்சன், உருகிய கோளமாக இருந்த பூமி குளிர்வதற்கு எத்தனை காலம் செல்லும் என்று கணக்கிட்டு, 2 கோடி முதல் 40 கோடி ஆண்டுகள் என்றார். அவர் பேரறிஞர், எனினும் கணக்குத் தவறாயிற்று. 1896இல் பெக்கெரல் என்னும் பிரெஞ்சு அறிஞர் யுரேனியம் தானே கதிர் வீசுவதைக் கண்டார். அதன்பின் ஒரு புதிய கடிகாரம் கையில் கிடைத்தது.

யுரேனியம் சிறிது சிறிதாகச் சிதைந்து இறுதியில் காரீயமாக மாறுகிறது. அதன் முக்கிய வகையில் பாதி சிதைவதற்குச் சுமார் 447 கோடி ஆண்டுகள் ஆகும். சுட்டாலும் குளிர்வித்தாலும் இவ்வேகம் மாறுவதில்லை. ஆகவே ஒரு கல்லில் எஞ்சியுள்ள யுரேனியம் எவ்வளவு, விளைந்த காரீயம் எவ்வளவு என்று அளந்தால், அக்கல் உறைந்த காலம் வெளிப்படும். மணல் கடிகாரத்தின் மேற்குடுவையையும் கீழ்க்குடுவையையும் பார்த்து நேரம் சொல்வது போன்றது இது. ஆர்தர் ஹோம்ஸ் 1911இல் இம்முறையால் பாறைகளின் வயதைக் கணித்தார். 1956இல் அமெரிக்கரான கிளேர் பேட்டர்சன் விண்கற்களிலுள்ள காரீயத்தை அளந்து, பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள் என்று வெளியிட்டார். அதன்பின் வேறு பல முறைகளால் சோதித்தும் அவ்வெண் ஏறக்குறைய அங்கேயே நிற்கிறது.

கெல்வின் எவ்வளவு பெரியவராயினும் சான்று மாறியதும் அவர் கணக்கு கைவிடப்பட்டது. பெரியவர் சொன்னார் என்பதற்காக அதனை யாரும் பூசிக்கவில்லை. விஞ்ஞானத்தின் வலிமை இதில்தான் இருக்கிறது.

நெருப்புக் கோளம்

சுமார் 457 கோடி ஆண்டுகளுக்கு முன் வாயுவும் தூசியும் கலந்த மாபெரும் முகில் ஒன்று தன் ஈர்ப்பினாலேயே சுருங்கிச் சுழன்றது. நடுவில் திரண்டது கதிரவனாயிற்று. சுற்றிலும் சுழன்ற தூசி ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகி, கல் குன்றாகி, குன்றுகள் மோதிக் கோள்களாயின. அவற்றுள் ஒன்று நமது பூமி. மோதல்களின் வெப்பத்தாலும் கதிரியக்கத்தின் வெப்பத்தாலும் அது உருகிக் கிடந்தது. கனத்த இரும்பு உள்ளே அமிழ்ந்தது; இலேசான கற்குழம்பு மேலே மிதந்தது. செவ்வாய்க் கோளைப் போன்ற பருமனுள்ள ஒரு கோள் பூமியின் மேல் மோத, சிதறிய பொருள் திரண்டு நிலவாயிற்று என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் கருத்து.

பின்னர் மேலோடு குளிர்ந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜாக் ஹில்ஸ் என்னுமிடத்தில் கிடைத்த சிர்க்கான் மணிகளுள் பழையது சுமார் 440 கோடி ஆண்டு வயதுடையது. நீராவி மழையாகிப் பொழிந்து பள்ளங்களில் தேங்கிக் கடலாயிற்று. நம் உடலிலுள்ள இரும்பும், எலும்பிலுள்ள சுண்ணமும், கோலாலம்பூரை உண்டாக்கிய வெள்ளீயமும், கதிரவன் பிறப்பதற்கு முன்பே வேறு விண்மீன்களின் வயிற்றில் விளைந்தவை. அரசனுக்கென்று ஓர் அணுவும் ஆண்டிக்கென்று வேறோர் அணுவும் அங்கே விளையவில்லை.

உயிரின் தொடக்கம்

அக்கடலில் உயிர் தோன்றியது. முதலில் தோன்றியவை கண்ணுக்குத் தெரியாத ஒற்றை நுண்ணறை உயிர்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பாரா நாட்டில், நுண்ணுயிர்ப் படலங்கள் அடுக்கடுக்காகக் கட்டிய கல் மேடுகள் சுமார் 348 கோடி ஆண்டுப் பழைமையோடு நிற்கின்றன. அன்றைய காற்றில் பிராணவாயு இல்லை. கதிரவன் ஒளியை உணவாக்கக் கற்றுக்கொண்ட நீலப்பசும் பாசிகள், தாம் கழித்துவிட்ட பிராணவாயுவால் காற்றையே மாற்றின. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் அது காற்றில் பெருகிற்று. இன்று நாம் இழுக்கும் மூச்சு அப்பாசிகள் தொடங்கிய வேலையின் பயன்.

நெடுங்காலம் உலகில் நுண்ணுயிர்களே ஆண்டன. சுமார் 54 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய காலத்தில்தான் ஓடும் காலும் கண்ணும் உடைய விலங்கினங்கள் கடலில் மலிந்தன. அதன்பின் மீன்கள் வந்தன, செடிகள் கரையேறின, பூச்சிகள் வந்தன. மீனினத்தின் ஒரு கிளை கால் பெற்று நிலத்துக்கு வந்தது.

"மீனுக்குக் கால் முளைத்ததை யார் பார்த்தார்?" என்று கேட்பார்க்கு ஒன்று கூறுவோம். அம்மாற்றம் நிகழ்ந்திருந்தால் சுமார் 37 கோடி ஆண்டுப் பழைமையுள்ள ஆற்றுப்படுகைப் பாறையில்தான் இடைப்பட்ட உயிரின் எலும்பு கிடைக்க வேண்டும் என்று முன்கூட்டியே கணித்த ஆராய்ச்சியாளர் சிலர், வடதுருவத்தை அடுத்த கனடாவின் எல்ஸ்மியர் தீவில் பல பருவம் தேடினர். 2004இல் அவ்வுயிரின் எலும்பு அகப்பட்டது. மீனைப் போலச் செதிலும் செவுளும், நிலவிலங்கைப் போலக் கழுத்தும், துடுப்புக்குள்ளே மணிக்கட்டெலும்பும் உடைய அதற்குத் திக்தாலிக் என்று பெயரிட்டனர். இன்ன இடத்தில் இன்ன பொருள் கிடைக்கும் என்று முன்னே சொல்லி, தோண்டிக் காட்டியது இக்கொள்கை. புராணம் எதுவும் தன்னை இத்தகைய சோதனைக்கு ஒப்படைத்ததுண்டா?

பத்துமலை கடலாயிருந்த காலம்

இனி நம் ஊருக்கு வருவோம். பத்துமலையும் கோலாலம்பூர் நகரின் அடித்தளமும் ஒரே சுண்ணாம்புப் பாறையால் ஆனவை. அது 40 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது. சுண்ணாம்புக்கல் என்பது என்ன? வெதுவெதுப்பான ஆழமற்ற கடலில் வாழ்ந்த பவளம், சிப்பி முதலியவற்றின் ஓடுகளும் சுண்ணச் சேறும் அடியில் படிந்து இறுகியதே அக்கல். எனவே பத்துமலை ஒரு காலத்தில் கடலடி. பிற்காலத்து வெப்பமும் அழுத்தமும் அக்கல்லைப் பெரும்பாலும் சலவைக்கல்லாக உருமாற்றிவிட்டதால் பழைய உயிர்த்தடங்கள் மிக அரிதாகவே எஞ்சின.

அக்கல் படிந்த நாளில் நிலத்தில் மரமில்லை, பூவில்லை, பறவையில்லை. நீரோரத்தில் விரலளவுச் செடிகள் மட்டும் முளைத்திருந்தன. முதுகெலும்புள்ள உயிர்கள் யாவும் நீருக்குள்ளேயே இருந்தன. காவடி எடுத்து 272 படிகள் ஏறும் அன்பர் ஒருவர், கோடிக்கணக்கான கடலுயிர்களின் கல்லறையின் மேல் ஏறுகிறார் என்றால் அது கவிஞன் கற்பனையன்று; வெறும் உண்மை.

குகை எவ்வாறு உண்டாயிற்று? மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமிலவாயுவை உட்கொண்டு சிறிது புளிப்புடையதாகிறது. அது சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில் இறங்கிக் கல்லைக் கரைக்கிறது. கரைத்ததைக் கூரையிலிருந்து சொட்டும்போது சிறிது சிறிதாகப் படியவைத்துக் கல்விழுதுகளை உண்டாக்குகிறது. துளி நீரும் நெடுங்காலமுமே இக்கோயிலைக் குடைந்த சிற்பிகள். இவ்வறிவு வெறும் ஏட்டறிவன்று. 1998இல் கட்டி முடிந்த இரட்டைக் கோபுரத்துக்கு முதலில் குறித்த இடத்தில் நிலத்தடிச் சுண்ணாம்புப் பாறை ஒரு பக்கம் செங்குத்தாக இறங்கியிருப்பதைக் கண்டு, கோபுரத்தையே சுமார் 60 மீட்டர் தள்ளி அமைத்தனர். வாஸ்து பார்த்து நகர்த்தவில்லை. துளையிட்டுப் பார்த்து நகர்த்தினர்.

பத்துமலையின் இருட்குகையில் ஒரு சிலந்தி வாழ்கிறது. 1923இல் விஞ்ஞான உலகுக்கு அறிமுகமாகிய அதற்கு லிபிஸ்தியஸ் பத்துவென்சிஸ் என்று மலையின் பெயரையே வைத்தனர். மற்றச் சிலந்திகளின் வயிறு வழவழவென்றிருக்க, இதன் வயிற்றின் மேல் தேளுக்கு உள்ளது போன்ற தகடுகள் வரிசையாக உள்ளன. 30 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பாறைகளில் கிடைக்கும் சிலந்திகளிடமும் இத்தகைய தகடுகளைக் காண்கிறோம். மற்றவர் மறந்த பழஞ்சொல்லை ஒரு மூதாட்டி இன்னும் வழங்குவது போல, இச்சிலந்தி ஒரு பழைய உருவைச் சுமந்துகொண்டிருக்கிறது.

நிலமும் வந்து சேர்ந்ததே

பத்துமலைப் பாறை படிந்தபோது இந்நிலம் இங்கே இல்லை. தென்திசையில் கோண்டுவானா என்னும் பெருங்கண்டம் இருந்தது. நடு இந்தியாவில் கோண்டு மக்கள் வாழும் நாட்டின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. இந்தியா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா யாவும் அதன் உறுப்புகள். மலாய்த் தீபகற்பத்தின் மேற்குப் பகுதி ஆஸ்திரேலியாவின் வடமேற்கு ஓரத்தை ஒட்டிக் கிடந்தது. ஏறக்குறைய 29 கோடி ஆண்டுகளுக்கு முன் அது பிரிந்து வடக்கே நகர்ந்து, தீபகற்பத்தின் கிழக்குப் பகுதியோடு மோதி ஒட்டிக்கொண்டது. ஒட்டிய தழும்பு பகாங்கின் பெந்தோங், ரவூப் வழியே செல்கிறது. அம்மோதலால் உண்டான கற்குழம்பே சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் குளிர்ந்து தித்திவாங்சா மலைத்தொடரின் கருங்கல்லாயிற்று.

கருங்கல்லோடு வெள்ளீயமும் வந்தது. வெயிலும் மழையும் கருங்கல்லை அரிக்க, அதன் ஒரு பகுதி களிமண்ணாயிற்று. ஒரு பகுதி மணலாயிற்று. கனத்த ஈயத்தாது ஆற்றுப்படுகையில் தங்கிற்று. 1857இல் கிள்ளான் அதிபர் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர் கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்தில் இறங்கி, அம்பாங்கில் தோண்டியது அத்தாதைத்தான். அவ்வாறு பிறந்ததே கோலாலம்பூர். 1881இன் தீயும் வெள்ளமும் மரவீடுகளை அழித்தபின், செங்கல்லால் வீடு கட்ட வேண்டுமென்று ஆணை பிறக்க, செங்கல் அறுத்துச் சுட்ட இடமே பிரிக்பீல்ட்ஸ் ஆயிற்று. இரு நிலத்துண்டுகள் மோதியிராவிடின் இங்கே ஈயமுமில்லை. ஈயத்தைத் தேடி வந்த நகரமுமில்லை.

"இன்னார் மண்ணுக்கு உரியவர், இன்னார் வந்தேறி" என்று பேசுவோர் எந்நாட்டிலும் உளர். யார் குடிமகன் என்பதை நாட்டின் சட்டம் தீர்க்கும், அது வேறு. ஆனால் இயற்கையின் பேரால் அவ்வாறு பேசுவதற்கு இடமில்லை. காலடி மண்ணே கடல் கடந்து வந்தது. தமிழ்நாட்டு நிலமும் அதே கோண்டுவானாவிலிருந்து பிரிந்து, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதியது. இமயம் அதன் தழும்பு.

ஈண்டு நம்மவருக்கு இனிக்கும் ஒரு கதையையும் இதே தராசில் நிறுக்க வேண்டும். 1864இல் ஸ்கிளேட்டர் என்னும் ஆங்கிலேயர், லெமூர் என்னும் விலங்கின் இனங்கள் கடலால் பிரிந்த நாடுகளில் காணப்படுவதற்குக் காரணம் கற்பிக்க, லெமூரியா என்றொரு மூழ்கிய கண்டத்தைக் கருதினார். தமிழறிஞர் பலர் அதனைக் குமரிக்கண்டமென்று கொண்டாடினர். கண்டங்கள் நகர்வதையும் கடலடியின் அமைப்பையும் 1960களில் அறிஞர் உலகம் தெளிந்தபின், அக்கற்பனைக்குத் தேவையே இல்லாமற் போயிற்று. மனிதன் வாழ்ந்த காலத்தில் இந்துமாக்கடலில் ஒரு கண்டம் மூழ்கியதற்குச் சான்றில்லை. பிறர் புராணத்தை மறுத்துத் தன் புராணத்தைப் போற்றுபவன் பகுத்தறிவாளன் ஆகான். தமிழின் தொன்மைக்குத் தமிழே சான்று. கற்பனைக் கண்டம் ஒன்று அதற்கு முட்டுக்கொடுக்க வேண்டுவதில்லை.

வாலேசும் பால்மரமும்

பரிணாமக் கொள்கை ஏதோ மேனாட்டுச் சரக்கு என்பாருமுளர். அது உருவான இடங்களுள் இம்மலாய் உலகமும் ஒன்று. ஆல்பிரட் ரசல் வாலேஸ் 1854இல் மலாக்காவுக்கு வந்து உயிரினங்களைச் சேகரித்தார். 1855இல் சரவாக்கில் இருந்துகொண்டு, புதிய உயிரினம் ஒவ்வொன்றும் தன்னை ஒத்த பழைய இனத்தை அடுத்தே தோன்றியிருக்கிறது என்று கட்டுரை எழுதினார். 1858இல் மொலுக்கத் தீவுகளிலிருந்து இயற்கைத் தேர்வு பற்றி எழுதி டார்வினுக்கு அனுப்பினார். அவ்வாண்டு ஜூலை 1ஆம் நாள் இருவர் கருத்துகளும் இலண்டனில் ஒன்றாகப் படிக்கப்பட்டன. மறு ஆண்டு டார்வினின் நூல் வெளிவந்தது. கோலாலம்பூர் பிறந்த 1857ஆம் ஆண்டு, சரவாக் கட்டுரைக்கு இரண்டாண்டு பின். டார்வின் நூலுக்கு இரண்டாண்டு முன்.

கொள்கை மிக எளிது. ஒரு தாய்வயிற்றுப் பிள்ளைகளும் சிறிது வேறுபடுகின்றனர். பிறக்கும் உயிர்கள் எல்லாம் பிழைப்பதில்லை. தான் வாழும் இடத்துக்குப் பொருந்தும் வேறுபாடு உடையவை மிகுதியாகப் பிழைத்துக் குட்டி போடுகின்றன. அவ்வேறுபாடு தலைமுறைதோறும் குவிகிறது. காலம் போதிய அளவு இருந்தால் ஓரினம் பலவினமாகிறது.

தோட்டத்தில் நிரை பிடித்துப் பால் வெட்டியவர்களுக்கு இதனை விளக்கப் புத்தகம் வேண்டா. 1876இல் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்குப் போன விதைகளில் முளைத்த கன்றுகளுள் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. பழைய விதைமரங்களில் ஒரு மரத்து மங்கு நிறையும். பக்கத்து மரத்து மங்கு பாதியாகவே நிற்கும். நிறையும் மரத்தைத் தேர்ந்து ஒட்டுக்கன்று கட்டினர். 1925இல் நிறுவப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அவ்வாறு தேர்ந்து தேர்ந்து விளைச்சலைப் பன்மடங்கு உயர்த்திற்று. மனிதன் சில பத்தாண்டுகளில் இவ்வளவு மாற்றம் செய்யக்கூடுமாயின், இயற்கை கோடிக்கணக்கான ஆண்டுகளில் என்னதான் செய்யாது?

குரங்கும் மனிதனும்

"அப்படியானால் நம் பாட்டன் குரங்கா?" என்று நகைப்பவர் பலர். பத்துமலைப் படிகளில் தேங்காய் மூடியைப் பறிக்கும் குரங்கு நம் பாட்டனன்று. நமக்கு மிகத் தூரத்துப் பங்காளி. அதன் கால்வழியும் நம் கால்வழியும் சுமார் 2½ கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன. ஒராங் ஊத்தானின் கிளை சுமார் 1.4 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தது. சிம்பன்சி நமக்கு மிக நெருங்கிய பங்காளி. பிரிந்து 60, 70 இலட்சம் ஆண்டுகளே ஆகின்றன. பிரிவதற்கு முன்பிருந்த பொதுப் பாட்டன் இன்றைய குரங்குமன்று, இன்றைய மனிதனுமன்று.

இப்பங்காளியின் தடயமும் பத்துமலையில் உண்டு. அம்மலைக் குகையில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒராங் ஊத்தான் பற்கள் கிடைத்த செய்தியை 2013இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். இன்று காட்டில் அவ்வினத்தைக் காண போர்னியோவுக்கோ சுமத்திராவுக்கோ செல்ல வேண்டும். அன்று இங்கிருந்து அங்கே கடல் தடையாக இருந்ததில்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகின் நீரில் ஒரு பகுதி வடநாட்டுப் பனியாக உறைந்திருந்த காலத்தில், கடல் இன்றையதைவிட 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. மலாயா, சுமத்திரா, ஜாவா, போர்னியோ யாவும் ஒரே நிலம். அதற்குச் சுந்தா நிலம் என்று பெயர். பனி உருகவே கடல் ஏறி அதனை மூழ்கடித்தது. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்தையும் கடந்து சில மீட்டர் உயர்ந்து, பின் இறங்கிற்று. அது விட்டுச்சென்ற சேற்றின் மேலும், ஆறு கொணர்ந்த வண்டலின் மேலும், அலையாத்திக் காட்டின் மக்கிய இலையின் மேலும் அமைந்ததே கிள்ளான் கரையும் கேரித்தீவும். மூழ்கிய நிலத்தைத் தேடுவோர் இந்துமாக்கடலின் நடுவே தேட வேண்டா. கிள்ளான் துறைமுகத்தின் எதிரே அது கிடக்கிறது.

மனிதன் இவ்வரலாற்றில் மிகப் பின்னே வந்தவன். நம்மினத்தின் மிகப் பழைய எலும்புகள் ஆப்பிரிக்காவில் சுமார் 3 இலட்சம் ஆண்டுப் பழைமையோடு கிடைத்துள்ளன. அங்கிருந்து பரவியவர் ஆசியாவின் இக்கோடியையும் எட்டினர். சரவாக்கின் நியா குகையில் 1958இல் கிடைத்த மண்டையோடு சுமார் 40,000 ஆண்டுப் பழைமையானது. பூமியின் வயதை ஒரு நாளாகச் சுருக்கினால், மனிதன் வந்து ஆறு விநாடிகூட ஆகவில்லை. அந்த ஆறு விநாடிக்குள்தான் வேதமும், வருணமும், மேல்சாதியும், கீழ்சாதியும்!

பிறப்பில் உயர்வு எங்கே?

இவ்வளவும் கூறியது எதற்காக? ஒருவன் முகத்திலிருந்தும் ஒருவன் காலிலிருந்தும் பிறந்தான் என்னும் கதையை நம்பியே ஒரு சமுதாயம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தன் உடன்பிறந்தாரைத் தீண்டாமல் நின்றது. கப்பலேறியபோதும் அக்கதை உடன் வந்தது. மலாயாத் தோட்டங்களில் சாதி பார்த்து லயம் ஒதுக்கிய காலமுண்டு. 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் ஈ. வெ. இராமசாமி இந்நாட்டுக்கு வந்து ஊர் ஊராகப் பேசியதும் அந்நோயைக் குறித்தே. இன்று லயங்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. மண விளம்பரங்களிலும் சங்கப் பெயர்களிலும் சாதி மறையவில்லை. பிறப்பால் உயர்வு தாழ்வு உண்டு என்பார், அது பிறந்த பாறையைக் காட்டட்டும். 40 கோடி ஆண்டுக் கல்லிலும் இல்லை. 20 கோடி ஆண்டுக் கல்லிலும் இல்லை. நியா குகை மண்டையோட்டிலும் இல்லை. எந்த இரு மனிதரை எடுத்தாலும் அவர்தம் மரபெழுத்து ஏறக்குறைய ஆயிரத்தில் 999 பங்கு ஒன்றாகவே இருக்கிறது.

இக்கொள்கையையே திரித்து, "வலியவன் வாழ்வதே இயற்கை, வெள்ளையன் ஆளப் பிறந்தவன், கறுத்தவன் சுமக்கப் பிறந்தவன்" என்று பேசியவர்களும் இருந்தனர். பழைய வருணக் கதைக்கு விஞ்ஞானச் சட்டை மாட்டியதே அது. பொருந்துவதே பிழைக்கும் என்று இயற்கை கூறுமேயன்றி, வலியதே உயர்ந்தது என்று எங்கும் கூறவில்லை. பூமியை ஆண்ட மாபெரும் ஊர்வன 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு விண்கல் விழுந்த காலத்தில் அழிந்தன. மூஞ்சூறு போல் பதுங்கி வாழ்ந்த சிறு பாலூட்டிகள் பிழைத்தன. நாம் அச்சிறியவற்றின் வழித்தோன்றல்கள். அன்றியும் இயற்கையில் நடப்பதெல்லாம் நாம் பின்பற்ற வேண்டிய அறம் என்பதற்கில்லை. புலி மானைத் தின்னும். அதனால் மனிதன் மனிதனைத் தின்னலாமோ?

ஆகவே நேயர்களுக்கு நாம் கூறுவது இதுதான். பத்துமலைக்குப் போகிறவர் போகட்டும்; போகாதவர் விடட்டும். ஆனால் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறவர், படிக்கட்டின் ஓரத்தில் வெளிப்பட்டு நிற்கும் வெண்சாம்பல் பாறையை ஒருமுறை தொட்டுக் காட்டுக. "இது கடலடியில் இருந்தது, நிலம் நகர்ந்து இங்கே வந்தது, மழை இதனைக் குடைந்தது, நாமும் இந்தக் குரங்கும் இக்குகைச் சிலந்தியும் ஒரே பழங்குடும்பம், மனிதருள் மேல்கீழ் என்பது மனிதன் கட்டிய பொய்" என்று சொல்லுக. பிள்ளை, "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று திருப்பிக் கேட்கும். அதட்டாதீர். அக்கேள்வியிலிருந்துதான் அறிவு பிறந்தது. விடையைத் தேடி இருவருமாகச் செல்லுங்கள்.